லேக்காக் கிராமத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்துக்கு வரும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோரையும் லண்டன் பார்த்து முடித்த கையோடு வில்ட்ஷயரில் இருக்கும் லேக்காக்குக்கு அனுப்பிவைப்பது என் பழக்கம். கிளம்பும் முன் ஒரு சுற்றுக் கேள்விகள் வரும், போய் வந்தபின் இன்னொரு சுற்று. பெரும்பாலும் அதே கேள்விகள்தான் என்பதால் தொகுத்துவிட்டேன். கட்டணமும் திறக்கும் நேரமும் அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. பழைய இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்தான் இந்த ஊரைப் பராமரிக்கிறது, அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

லேக்காக் எங்கே இருக்கிறது? கார் இல்லாமல் போக முடியுமா?

இங்கிலாந்தின் தென்மேற்கில், வில்ட்ஷயர் மாவட்டத்தில். பக்கத்துப் பெரிய ஊர் சிப்பென்ஹம். அங்கிருந்து சுமார் 3 மைல். லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் சிப்பென்ஹம் வந்து சேர. அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேருந்து அட்டவணையை முதல்நாளே பார்த்துவிடுங்கள். இங்கே கிராமப் பேருந்துகளை நம்பித் தெருவில் நிற்பது நல்லதல்ல.

காரில் வந்தால் எம்4 நெடுஞ்சாலையில் 17-ஆம் சந்திப்பில் இறங்கி, ஏ350 சாலையில் தெற்கே. ஊருக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்த இடம் தேடாதீர்கள். ஊர் எல்லையிலேயே நேஷனல் டிரஸ்டின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டு நடங்கள்.

ஊருக்குள் நுழைய டிக்கெட் உண்டா?

கிடையாது. தெருக்கள் பொதுத் தெருக்கள், யாரும் எப்போதும் நடக்கலாம். கார் நிறுத்தக் கட்டணம் உண்டு. லேக்காக் அபே என்ற பழைய மடத்துக்கும் ஃபாக்ஸ் டால்பட் புகைப்பட அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர்களுக்கு எல்லாமே இலவசம்.

பாத், லேக்காக், ஸ்டோன்ஹெஞ்ச் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். டூர் பஸ்காரர்கள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். லேக்காக்கில் அவர்கள் தரும் நேரத்தில் கழிவறைக்குப் போய், ஒரு ஐஸ்கிரீம் வாங்கி, இரண்டு செல்ஃபி எடுக்கலாம். ஊர் மொத்தமே நான்கு தெருக்கள்தான்: ஹை ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட். ஒரு சதுரமாக அரை மணியில் சுற்றிவிடலாம். ஆனால் அபேக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வேண்டும். பாத் நகரமும் லேக்காக்கும் ஒரு நாளுக்குச் சரி. ஸ்டோன்ஹெஞ்சை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போனால் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் கூட்டம். டிசம்பரில் அழகுதான், ஆனால் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அபேயின் சில பகுதிகள் குளிர்காலத்தில் மூடியிருக்கவும் கூடும். மாதத்தைவிட நேரம் முக்கியம் என்பேன். காலை பத்து மணிக்கு முன், அல்லது மாலை பஸ்கள் கிளம்பிப் போனபின், அதே தெரு வேறு தெருவாக இருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா?

ஊர் கிட்டத்தட்ட சமதளம், ஏற்றம் இல்லை. ஆனால் நடைபாதை குறுகல், கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். சாதாரண செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டுவிடுங்கள். அபேயின் கீழ்த்தளத்தைச் சுற்றிவரலாம், மாடி அறைகளுக்குப் படி ஏற வேண்டும். அம்மா கீழ்த்தளத்தை மட்டும் பார்த்தாலும் நஷ்டமில்லை. பழமையான பகுதி அதுதான்.

நாங்கள் சைவம். என்ன கிடைக்கும்? புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள். புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்த ஊர்க்காரர்களுக்கும் பிடித்த விஷயம்தான். கல்லறைத் தோட்டத்துப் புல்லில் மட்டும் உட்காராதீர்கள். பச்சைப்பசேல் என்று பார்க்க் மாதிரித் தோன்றும், சிலர் அங்கேயே டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள்.

உணவகங்களில் சைவ வகைகளுக்கு எதிரே 'வி' என்று போட்டிருப்பார்கள். அது முட்டையையும் சேர்த்ததுதான் என்பதை மறக்க வேண்டாம். ஞாயிறு மதிய ரோஸ்ட்டில் சைவத் தட்டு கேட்டால் அதன்மேல் ஊற்றும் கிரேவி எதில் செய்தது என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ் மீன் பொரித்த எண்ணெயிலா என்றும் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெல்லி வகை இனிப்புகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பாதுகாப்பான தேர்வு ஸ்கோன் என்ற பன், கெட்டி கிரீம், ஜாம், டீ. ஸ்கோனில் முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு.

பப்புக்குள் குழந்தைகளோடு போகலாமா? குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை?

கிராமத்துப் பப் பாதி சாராயக்கடை, பாதி சாப்பாட்டுக்கடை. பெரியவர்கள் கூட இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகளைப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். எலுமிச்சைச் சோடாவோ காப்பியோ கேட்டால் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்காமல், நீங்களே கவுண்டருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

லேக்காக்கில் ஜார்ஜ் இன் என்ற பப்புக்குள் போக இன்னொரு காரணமும் உண்டு. அடுப்படியில் பெரிய மரச்சக்கரம் ஒன்று இருக்கும். இறைச்சி கோத்த கம்பி நெருப்பின் முன்னால் சீராகச் சுழல வேண்டும் என்பதற்காக, அந்தச் சக்கரத்துக்குள் குட்டைக்கால் நாய் ஒன்றை விட்டு ஓடவைத்தார்கள். இதற்கென்றே ஒரு நாய் இனம் வளர்க்கப்பட்டு, இயந்திரங்கள் வந்தபின் வழக்கொழிந்தது. சக்கரம் அப்படியே இருக்கும் இடங்கள் அபூர்வம்.

இது நிஜ ஊரா, சினிமா செட்டா?

நிஜ ஊர். வீடுகளில் மக்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடம் நடக்கிறது, ஞாயிறன்று சர்ச் மணி அடிக்கிறது. செட் மாதிரித் தோன்றுவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரிய வேண்டிய சில விஷயங்கள் தெரியாததுதான். தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது, கூரையில் டிவி ஆன்டெனா கிடையாது, சாலையோரத்தில் மஞ்சள் கோடு கிடையாது. நிற்கும் கார்களை அப்புறப்படுத்திவிட்டுத் தரையில் மண்ணைக் கொட்டினால் 18-ஆம் நூற்றாண்டு தயார். அதனால்தான் படப்பிடிப்புக் குழுக்கள் தேடி வருகின்றன. 1995-இல் பிபிசி எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் வரும் மெரிடன் என்ற ஊர் இதுதான்.

அப்படி ஏன் இத்தனை காலம் மாறாமலே இருந்தது?

கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இது. 'பழமையைப் போற்றினார்கள்' என்பது வழக்கமான பதில். பாதிதான் உண்மை.

லேக்காக்கைக் கட்டியது ஆட்டு ரோமம். இடைக்காலத்தில் இந்தப் பகுதிக் கம்பளித் துணிக்கு நல்ல கிராக்கி. நெசவாளர்களும் வியாபாரிகளும் கையில் காசு இருந்தபோது வீடு கட்டினார்கள், சர்ச்சைப் பெரிதாக்கினார்கள், வாரச்சந்தை நடத்தினார்கள். பிறகு துணித் தொழில் ஆலைகளுக்கு மாறி, ட்ரோபிரிட்ஜ் போன்ற ஊர்களுக்கும் வடக்கே யார்க்‌ஷயருக்கும் போய்விட்டது. கையில் காசிருந்தால் எந்த ஊரும் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும். இந்த ஊருக்கு அந்த வசதி இல்லாமல் போயிற்று.

அதோடு, ஊர் முழுக்க ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. அபேயில் வாழ்ந்த டால்பட் குடும்பம்தான் நிலக்கிழார்கள், குடியிருந்தவர்கள் வாடகைதாரர்கள். தன் மனை, தன் வீடு என்று இடித்துக் கட்டும் உரிமை யாருக்கும் இல்லை. 1944-இல் அந்தக் குடும்பத்தின் மட்டில்டா டால்பட், அபேயையும் கிராமத்தையும் சேர்த்து நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். நில உரிமையாளர் பெயர் மாறியது, ஒரே உரிமையாளர் என்ற நிலை மாறவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால், 'எவ்வளவு அழகு' என்பதோடு, இந்த அழகை யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும்.

எல்லா வீடும் ஒரே மாதிரி தெரிகிறதே. எதைப் பார்க்க வேண்டும்?

சர்ச் ஸ்ட்ரீட்டில் க்ரக் ஹவுஸ் என்ற வீட்டின் பக்கச்சுவரைப் பாருங்கள். இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கூரையின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு வளைவுகள்தான். சுவர் வெறும் இட்டு நிரப்பல். மற்ற மரச்சட்ட வீடுகளில் மேல்மாடி தெருவை நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். ஹை ஸ்ட்ரீட்டில் செங்கல் முகப்போடு 'புதுசாக' நிற்பவை சில. 18-ஆம் நூற்றாண்டில் முன்பக்கம் மட்டும் மாற்றிக்கொண்டவை அவற்றில் உண்டு, உள்ளே அதே பழைய மரம்.

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 14-ஆம் நூற்றாண்டின் தசமபாகக் களஞ்சியம் இருக்கிறது. குடியானவர்கள் மடத்துக்கு அளக்க வேண்டியதைத் தானியமாகவும் ரோமமாகவும் கொண்டுவந்து கொட்டிய இடம். உள்ளே நின்று அண்ணாந்து கூரை மரங்களைப் பார்க்க வேண்டும். ஒட்டினாற்போல் ஒரு சிறிய கல் கொட்டடி, குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களை இரவு அடைத்துவைக்க. ஊரில் வரியும் தண்டனையும் அடுத்தடுத்த கதவுகள்.

அபே என்றால் கோயிலா, அரண்மனையா?

கன்னியர் மடமாகத் தொடங்கி மாளிகையாக முடிந்த கட்டடம். நிறுவியவர் சாலிஸ்பரி கோமகள் ஏலா. அவருடைய கணவர் வில்லியம் லாங்கெஸ்பே, ஜான் மன்னருக்கு மாற்றாந்தாய் வழிச் சகோதரர். கணவர் இறந்தபின் ஏலா, மன்னர் சார்பில் மாவட்டத்தை நிர்வகிக்கும் வில்ட்ஷயர் ஷெரிஃப் பதவியையே வகித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது சாதாரணமல்ல. 1229-இல் மடத்துக்கான சாசனம், 1232-இல் அடிக்கல். பின்னால் அவரே துறவு பூண்டு மடத்தலைவியானார்.

எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் கலைத்தபோது 1539-இல் இதுவும் மூடப்பட்டது. வில்லியம் சாரிங்டன் என்பவர் 783 பவுண்டுக்கு வாங்கினார். மடத்தின் தேவாலயத்தை இடித்துவிட்டு, தாழ்வாரங்களை அப்படியே அடித்தளமாக வைத்து மேலே வீடு கட்டினார். எண்கோணக் கோபுரம் அவர் கட்டியதுதான். பிரிஸ்டல் நாணயச்சாலைப் பொறுப்பில் இருந்தபோது கலப்படக் காசு அடித்து, 1549-இல் பிடிபட்டு, சொத்தெல்லாம் பறிபோய், பிறகு மன்னிப்புப் பெற்றுப் பணம் கட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார். அதோடு விடவில்லை, ஷெரிஃபாகவும் ஆனார்! அவருடைய அலங்காரக் கல்லறை ஊர் சர்ச்சுக்குள் இருக்கிறது.

மாடியில் 1750-களில் கட்டிய பெரிய கூடத்தில் சுடுமண் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஓர் ஆட்டின் மூக்கில் சர்க்கரைக் கட்டி இருக்கிறதா என்று குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரு மாணவர் விளையாட்டாக வைத்துவிட்டுப் போனது, அதையே வழக்கமாக்கிவிட்டார்கள்.

ஹாரி பாட்டர் எடுத்த இடம் எது? பிள்ளைகள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

அபேயின் கீழ்த்தளத் தாழ்வாரமும் அதைச் சுற்றிய அறைகளும். முதல் இரண்டு படங்களில் பள்ளி வகுப்பறைகளாக வருபவை. பெரிய கொப்பரை இருக்கும் அறையைத் தவறவிடாதீர்கள். பிள்ளைகள் அதைப் படத்துக்குச் செய்த பொருள் என்றே நினைப்பார்கள். 1500-இல் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் மெக்கலன் நகரில் வார்த்த அசல் கொப்பரை அது. ஊருக்குள் ஹாரியின் பெற்றோர் வீடாகக் காட்டியது ஒரு தனியார் குடியிருப்பு. அதன் கதவைத் தட்டாதீர்கள்.

புகைப்படக் கலையே இங்கேதான் பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். உலகின் முதல் புகைப்படம் இங்கே எடுக்கப்படவில்லை. பிரான்ஸில் நியெப்ஸ் 1820-களிலேயே எடுத்துவிட்டார். இங்கே பிறந்தது நெகட்டிவ். ஒன்றை எடுத்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடும் முறை.

அதைக் கண்டுபிடித்தவர் அபேயின் உரிமையாளர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். அவருக்குப் படம் வரைய வராது. 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வரைகருவி ஒன்றை வைத்துக்கொண்டு திண்டாடியபோது, இயற்கைக் காட்சி தானாகவே காகிதத்தில் பதிந்தால் என்ன என்று தோன்றியது. உப்புக் கரைசலிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்த காகிதம் வெளிச்சம் பட்டால் கறுக்கும். சின்னஞ்சிறு மரப்பெட்டிகளில் அதை வைத்து வீட்டைச் சுற்றி ஆங்காங்கே வைத்தார். அவற்றை 'எலிப்பொறி' என்றே மனைவி கான்ஸ்டன்ஸ் சொன்னார். 1835 ஆகஸ்டில் அபேயின் தெற்குக் கூடத்துச் சாளரம் அப்படிப் பதிந்தது. தபால்தலை அளவுதான், ஆனால் உருப்பெருக்கி வைத்தால் சாளரத்தின் சுமார் 200 கண்ணாடித் துண்டுகளை எண்ண முடிந்தது என்று அவரே குறித்திருக்கிறார். 1839-இல் பிரான்ஸில் டகேர் தன் முறையை அறிவித்ததும் இவர் பதறிக்கொண்டு தன்னுடையதை வெளியிட்டார். டகேரின் படம் உலோகத் தகட்டில் ஒரே பிரதி. டால்பட் தன் முறையை மேம்படுத்தி 1841-இல் காப்புரிமை வாங்கினார்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னியஸ் டிரைப், மதுரையையும் தஞ்சையையும் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். டால்பட்டின் முறையிலிருந்து வளர்ந்த, மெழுகேற்றிய காகிதம் அது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைச் சுற்றிவந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரு நீள்சுருளே செய்தார். லேக்காக் சாளரத்தின் முன் நிற்கும்போது இது ஞாபகம் இருந்தால் நல்லது.

அந்த முதல் நெகட்டிவ் அங்கே இருக்கிறதா?

இல்லை. பிராட்ஃபோர்டில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. லேக்காக்கில் இருப்பது அந்தச் சாளரம். ஊரை விட்டுப் போன பொருள் இது மட்டுமல்ல. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் 1225-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று ஏலா காலத்திலிருந்து இந்த மடத்திலேயே இருந்தது. மேலே சொன்ன மட்டில்டா டால்பட் அதை நாட்டுக்குக் கொடுத்தார், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

சர்ச்சில் நற்கருணைக்குப் பயன்பட்ட 15-ஆம் நூற்றாண்டு வெள்ளிக் கோப்பையின் கதை இன்னும் சிக்கல். அதை விற்கலாமா கூடாதா என்று ஊரில் சச்சரவு. கடைசியில் 2013-இல் 13 லட்சம் பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியமும் டிவைசஸ் நகரின் வில்ட்ஷயர் மியூசியமும் சேர்ந்து வாங்கின. சர்ச்சுக்கு நகல் கிடைத்தது. கட்டடம் பழுதுபார்க்கக் காசு வேண்டுமே என்பது ஒரு பக்க நியாயம். எனக்கு அது தப்பாகப் படவில்லை.

சர்ச்சுக்குள் போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

போகலாம், செயின்ட் சிரியாக் சர்ச் எல்லோருக்கும் திறந்திருக்கும். செருப்பு காலிலேயே இருக்கட்டும். தொப்பி போட்டிருக்கும் ஆண்கள் கழற்றிக்கொள்வது மரியாதை. பிரார்த்தனையோ கல்யாணமோ நடந்தால் வெளியே காத்திருங்கள்.

வேலியைத் தாண்டி ஆட்கள் வயலுக்குள் நடக்கிறார்களே. அடுத்தவர் நிலத்தில் நாமும் போகலாமா?

போகலாம், அது உங்கள் சட்டப்படியான உரிமை. 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று கைகாட்டி இருந்தால் நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்க யாரும் தடுக்க முடியாது. பாதையை விட்டு விலகக் கூடாது, நீங்கள் திறந்த கேட்டை நீங்களே மூடிவிட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் மாட்டுக்கு அருகில் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நம் ஊர் மாடு மாதிரி ஆள் பழக்கம் உள்ளவை அல்ல. சேறு நிச்சயம்.

சர்ச்சைத் தாண்டிப் போனால் பைட் ப்ரூக் என்ற ஓடை சாலைக்குக் குறுக்கே ஓடும், பக்கத்தில் பொதிக்குதிரைகள் கடந்த பழைய கல்பாலம். ஊரிலேயே கூட்டம் குறைவான மூலை.

வாசலில் நின்று போட்டோ எடுத்தால் திட்டுவார்களா? கல்யாண போட்டோஷூட்? டிரோன்?

தெருவில் நின்று தெருவை எடுக்கலாம். ஜன்னலில் முகம் பதித்து எட்டிப் பார்ப்பது, வாசற்படியில் உட்கார்ந்து போஸ் கொடுப்பது வேண்டாம். உள்ளே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பணம் வாங்கிச் செய்யும் போட்டோஷூட்டுக்கு நேஷனல் டிரஸ்டின் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். டிரோனை டிரஸ்ட் நிலத்திலிருந்து அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது.

அங்கே ஒரு வீடு வாங்க முடியுமா?

ஏறக்குறைய முடியாது. ஊர் ஏன் மாறவில்லை என்ற கேள்விக்குச் சொன்னதுதான் காரணம்: வீடுகள் டிரஸ்டுக்குச் சொந்தம், குடியிருப்பவர்கள் வாடகைதாரர்கள். 1907-ஆம் ஆண்டுச் சட்டம் டிரஸ்டுக்கு ஒரு விசேஷ அதிகாரம் தந்திருக்கிறது. ஒரு நிலத்தை 'கைமாற்ற முடியாதது' என்று அது அறிவித்துவிட்டால், பிறகு டிரஸ்டே நினைத்தாலும் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

வாடகைக்கு வரலாம், வீடு காலியானால். ஆனால் ஜன்னலுக்குப் புது பிளாஸ்டிக் சட்டம் போடுவது, கூரையில் டிஷ் மாட்டுவது எல்லாம் உங்கள் இஷ்டப்படி நடக்காது. வார இறுதிகளில் உங்கள் வாசலில் யாராவது செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.